முளையில் தெரியாத பயிர்

2011 ஜூன் 15 அன்று கனடாவின் வான்கூவர் நகரில் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் நடந்தது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. உள்ளூர் அணி கோலை நோக்கி அடித்த 37 ஷாட்களையும் தடுத்து நிறுத்தினார் பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் கோல்கீப்பர் டிம் தாமஸ். பாஸ்டன் 4-0 என்று வென்றது. 39 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை அந்த நகரத்துக்குத் திரும்பியது. ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து வான்கூவரால் தாமஸைத் தாண்டி அடிக்க முடிந்தவை எட்டே கோல்கள். கோப்பைக்கான சுற்றுகள் முழுவதிலும் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதும் அவருக்கே கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 37. அந்த விருதைப் பெற்றவர்களில் அவரே மூத்தவர். 1994-ல் தேசிய ஹாக்கி லீகின் அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, இதே மனிதருக்கு முன்னால் 216 பெயர்கள் அழைக்கப்பட்டன. 217-வதாக அவரை எடுத்த கியூபெக் அணி ஓர் ஆட்டத்தில்கூட அவரை இறக்கவில்லை. லீகில் நிரந்தர இடம் கிடைக்க அவர் 31 வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக மட்டும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் இதில் வெளிப்படுவது, ஒரு தொழிலில் ஆள் எடுக்கும் முறையின் அடிப்படைக் கோளாறு. கோல்கீப்பரின் தகுதியை 18 வயதில் அளக்க முடியாது. அளக்க முடியும் என்று நம்பி நடக்கும் ஏற்பாடு திறமையை வீணடிக்கிறது.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்கள் முதலில் கோல்கீப்பரின் நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆறடி அகலமும் நாலடி உயரமும் கொண்ட கோல் அது. எதிரே வருவது கெட்டி ரப்பரால் ஆன, மூன்று அங்குல விட்டமுள்ள ‘பக்’ என்னும் வட்டு. ஓங்கி அடித்தால் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 30 ஷாட்கள் வரும். நூறு ஷாட்களில் எத்தனையைத் தடுத்தார் என்பதுதான் கோல்கீப்பரின் அளவுகோல். நூற்றுக்கு 90 தடுப்பவருக்கும் 92 தடுப்பவருக்கும் உள்ள இடைவெளி சிறியதாகத் தோன்றும். ஆனால் ஒருவர் ஒரு சீசனில் 60 ஆட்டங்கள் நின்றால் 1,800 ஷாட்களைச் சந்திக்கிறார். அந்த இரண்டு சதவீதம் 36 கோல்களாகிவிடும். ஓர் அணி கோப்பைக்குப் போட்டியிடுவதா, பாதியிலேயே வீட்டுக்குப் போவதா என்பதை முடிவுசெய்ய அத்தனை கோல்கள் போதும். இவ்வளவு கனமான பொறுப்புக்கு இருக்கும் இடங்களோ மிகக் குறைவு. 32 அணிகள், அணிக்கு இரண்டு கோல்கீப்பர்கள், அவர்களில் ஒருவரே களத்தில் நிற்பார். முன்கள ஆட்டக்காரர் சுமாராக ஆடினாலும் நான்காவது வரிசையில் சில நிமிடங்கள் கிடைக்கும். கோல்கீப்பருக்கு அப்படி ஓர் ஓரம் கிடையாது.

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நம் பழமொழி. ஐஸ் ஹாக்கியில் கோல் அடிப்பவர்கள் விஷயத்தில் அது பெருமளவு உண்மை. 2006 முதல் 2025 வரையிலான 20 சீசன்களை எடுத்துக்கொள்வோம். சீசனில் அதிகப் புள்ளிகள் எடுத்தவருக்கான ஆர்ட் ராஸ் விருதில் 15, டிராஃப்ட் எனப்படும் அந்த ஆண்டுத் தேர்வில் முதல் மூன்று இடங்களுக்குள் எடுக்கப்பட்டவர்களுக்குப் போயிருக்கின்றன. கிராஸ்பி, ஓவெச்கின், மால்கின், செடின் சகோதரர்கள், கேன், மெக்டேவிட் எல்லோரும் அந்தப் பட்டியலில்தான் வருகிறார்கள். அதாவது, கோல் அடிக்கும் திறமையைத் தேர்வாளர்கள் 18 வயதிலேயே கண்டுகொள்கிறார்கள். இதே 20 சீசன்களில் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருதைப் பாருங்கள். முதல் மூன்று இடங்களுக்குள் எடுக்கப்பட்டு அதை வென்றவர் ஒரே ஒருவர்: 2003-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, 2021-ல் விருதை வென்ற மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரி. மறுபக்கத்தில், நூறாவது இடத்துக்குப் பின்னால் எடுக்கப்பட்டவர்களும் யாராலும் எடுக்கப்படாதவர்களும் 13 விருதுகளை வென்றிருக்கிறார்கள். கிப்ருசாஃப் 116-வது, மில்லர் 138-வது, லுண்ட்க்விஸ்ட் 205-வது, ரின்னே 258-வது. இரு முறை வென்ற பாப்ரோவ்ஸ்கியை எந்த அணியும் டிராஃப்டில் சீந்தவே இல்லை. அவர்தான் 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் ஃபுளோரிடா அணிக்காகக் கோலில் நின்று கோப்பையை வென்றவர். 130-வதாக எடுக்கப்பட்ட கானர் ஹெல்லபக் மூன்று முறை வெசினாவை வென்றதோடு, 2025-ல் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் என்ற ஹார்ட் விருதையும் வாங்கினார். ஒரே தேர்வாளர்கள், ஒரே ஜூனியர் லீகுகள், ஒரே வயது. ஒரு பக்கத்தில் கண் துல்லியமாக இருக்கிறது; இன்னொரு பக்கத்தில் ஏறக்குறைய குருடாக இருக்கிறது. தேர்வாளர்கள் சோம்பேறிகள் என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது.

காரணம் வேலையின் தன்மையில் இருக்கிறது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பத்து மீட்டர் தொலைவிலிருந்து வரும் வட்டு கால் நொடிக்கும் குறைவான நேரத்தில் கோலை எட்டிவிடும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசை அசையவே ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். எனவே தேர்ந்த கோல்கீப்பர் வட்டைப் பார்த்துத் தடுப்பவர் அல்லர். அடிப்பவரின் தோள், மட்டையின் முனை திரும்பும் கோணம், பக்கவாட்டில் காத்திருக்கும் இன்னொருவர், இவற்றையெல்லாம் படித்து, ஷாட் புறப்படும் முன்பே சரியான இடத்தில் போய் நிற்பவர். இந்தப் படிப்பு ஆயிரக்கணக்கான ஷாட்களுக்கு முன்னால் நின்றால்தான் வரும். ஜூனியர் ஆட்டத்தில் எதிராளிகளும் சிறுவர்கள். அங்கே சுறுசுறுப்பான உடம்பு ஒன்றே ஒரு பையனைக் காப்பாற்றிவிடும். அதைத்தான் தேர்வாளர் பார்க்கிறார். பெரியவர்களின் ஆட்டத்தில் காப்பாற்றப்போகும் குணம் அவனிடம் இன்னும் உருவாகியே இருக்காது; இல்லாததை எப்படிப் பார்ப்பது? அவனுடைய புள்ளிவிவரமும் முழுக்க அவனுடையது அல்ல. நல்ல தடுப்பு வரிசை உள்ள அணியில் நிற்பவனுக்கு எளிய ஷாட்களும், பலவீனமான அணியில் நிற்பவனுக்குக் கொடிய ஷாட்களும் வருகின்றன. மனத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். கோல் விழுந்தவுடன் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். அரங்கம் முழுவதும் அவரையே பார்க்கும். அடுத்த நிமிடமே அவர் எதுவும் நடக்காததுபோல் நின்றாக வேண்டும். பதினெட்டு வயதில் அந்த நிதானம் யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதைச் சொல்லும் கருவி இன்றுவரை இல்லை.

தாமஸ் கடந்த பாதையில் இதைத் தெளிவாகக் காணலாம். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்தில் பிறந்தவர். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடினார். அங்கே அவருடைய சக ஆட்டக்காரர் மார்ட்டின் செயின்ட் லூயி. உயரம் போதாது என்று டிராஃப்டில் யாரும் எடுக்காமல் விட்ட அந்த செயின்ட் லூயிதான் பின்னாளில் ஆர்ட் ராஸ் விருதை வென்ற அபூர்வ விதிவிலக்கு. 1997-ல் பல்கலைக்கழகத்தை விட்டு வந்த தாமஸ் சிறிய அமெரிக்க லீகுகளில் சில ஆட்டங்கள் ஆடிவிட்டு ஹெல்சின்கிக்குப் போனார். 1998-ல் அங்கே சாம்பியன் பட்டம். எட்மன்டன் அணி ஒப்பந்தம் செய்தது; ஆனால் களத்தில் இறக்காமல் கீழ்நிலை அணிக்கு அனுப்பியது. மறுபடி பின்லாந்து, டெட்ராய்ட்டில் ஒரு கீழ்நிலை அணி, பிறகு சுவீடன், மீண்டும் பின்லாந்து. 2002-03-ல் பாஸ்டனுக்காக நான்கே ஆட்டங்கள். 2004-05-ல் சம்பளத் தகராறில் லீகே முடங்கியபோது ஹெல்சின்கியின் யோக்கெரிட் அணிக்கு ஆடி, பின்லாந்து லீகின் சிறந்த ஆட்டக்காரர் என்று சக ஆட்டக்காரர்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன் பிறகும் 2005-06 சீசனை அவர் கீழ்நிலை அணியில்தான் தொடங்கினார். மேலே இருந்தவர்களுக்குக் காயம் ஏற்பட்டதால் அழைப்பு வந்தது. கிடைத்த இடத்தை அவர் விடவில்லை. மூன்று ஆண்டுகளில் வெசினா. 2010-11-ல் நூற்றுக்கு 93.8 ஷாட்களைத் தடுத்து, டொமினிக் ஹாஷெக்கின் 93.7 என்ற சாதனையை முறியடித்தார். அதற்கு முந்தைய கோடையில்தான் அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பாஸ்டனின் இளைய கோல்கீப்பர் துகா ராஸ்க் அவருடைய இடத்தைப் பிடித்துவிட்டார், தாமஸ் கதை முடிந்தது என்றே பலர் எழுதிவிட்டிருந்தார்கள்.

தாமஸ் முறியடித்த சாதனைக்கு உரியவரின் வாழ்க்கை இன்னும் கூர்மையான சாட்சி. செக்கோஸ்லோவாக்கியாவின் பார்துபிட்சே நகரைச் சேர்ந்த ஹாஷெக்கை 1983-ல் சிகாகோ அணி பத்தாவது சுற்றில் எடுத்தது. அன்று இரும்புத் திரைக்கு அப்பாலிருந்து ஆட்டக்காரர் வெளியே வருவதே நிச்சயமில்லை. எனவே தாமதமாக எடுத்ததற்கு அரசியலும் காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 1990-ல் அவர் அமெரிக்காவுக்கு வந்துவிட்டார். தன் நாட்டில் பட்டங்களை வென்று, 25 வயதில் வந்தவரைச் சிகாகோ இரண்டு சீசன்களில் 25 ஆட்டங்களுக்குத்தான் இறக்கியது. பிறகு பஃபலோ அணிக்குத் தள்ளிவிட்டது. இதற்கு எந்தத் திரையையும் காரணம் காட்ட முடியாது. ஹாஷெக்கின் ஆட்டம் பயிற்றுநர்கள் வைத்திருந்த படத்துக்குப் பொருந்தவில்லை என்பதே உண்மை. பனித்தரையில் மல்லாந்து விழுவார், மட்டையைக் கைவிட்டு வெறுங்கையால் வட்டை அமுக்குவார், காலைத் தலைக்குமேல் தூக்குவார். பார்வைக்கு அது தடுமாற்றம். ஆனால் வட்டு உள்ளே போகவில்லை. 1993-94-ல் பஃபலோவின் முதல் கோல்கீப்பர் கிராண்ட் ஃபூர் காயமடைந்த பிறகுதான் அவருக்கு வாசல் திறந்தது. அந்த ஆண்டு ஆட்டத்துக்குச் சராசரியாக 1.95 கோல்களே விட்டார். அதற்கு முன் இருபது ஆண்டுகளாக யாரும் இரண்டுக்குக் கீழே போனதில்லை. அங்கிருந்து ஆறு வெசினா விருதுகள். ஹார்ட் விருதை இரு முறை வென்ற ஒரே கோல்கீப்பர் இன்றும் அவர்தான். 1998 நாகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவின் ஐந்து ஷூட்-அவுட் முயற்சிகளையும் தடுத்து, இறுதியில் ரஷ்யாவை 1-0 என்று வீழ்த்தித் தன் நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். ஒரு காயம் குறுக்கிடாமல் இருந்திருந்தால் இந்த மனிதரை உலகம் இரண்டாம் வரிசைக் கோல்கீப்பராகவே அறிந்திருக்கும். அந்த எண்ணம் என்னைக் கலங்கவைக்கிறது. காயம் குறுக்கிடாததால் வெளியே தெரியாமலே போனவர்கள் எத்தனை பேர்?

முதல் மறுப்பு இங்கேயே எழும். 1983-ஆம் ஆண்டின் அதே டிராஃப்டில் டாம் பராஸோவை ஐந்தாவது ஆளாக பஃபலோ எடுத்தது. பள்ளியிலிருந்து நேராக லீகுக்கு வந்த அந்த 18 வயதுப் பையன் முதல் சீசனிலேயே வெசினாவை வென்றான். 2005-ல் ஐந்தாவதாக எடுக்கப்பட்ட கேரி பிரைஸும் 2015-ல் வெசினா, ஹார்ட் இரண்டையும் வென்றார். ஃப்ளூரி மூன்று கோப்பைகளைக் கண்டவர். ஆகவே முளையில் தெரியும் பயிரும் உண்டே என்று கேட்கலாம். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அபூர்வமானவர்கள் என்பதைத்தான் அந்த 20 ஆண்டுப் பட்டியல் காட்டுகிறது. இப்படி ஒரு பராஸோ எப்போதாவது கிடைப்பதை வைத்து அமைக்கப்பட்ட ஏற்பாடு மற்ற எல்லோரையும் அவரைப் போலவே அளக்கிறது. 2000-ஆம் ஆண்டில் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி ரிக் டிபியெட்ரோவை முதல் ஆளாக எடுத்தது. அவருக்கு இடம் விடுவதற்காக, மூன்றாண்டுகளுக்கு முன் நான்காவதாக எடுத்திருந்த ராபர்ட்டோ லுவாங்கோவை வேறு அணிக்கு மாற்றியும்விட்டது. 2006-ல் டிபியெட்ரோவுக்கு 15 ஆண்டுகளுக்கு 6.75 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. இடுப்பும் முழங்காலும் திரும்பத் திரும்பப் பழுதாகி அவர் 318 ஆட்டங்களோடு ஓய்ந்தார். உடல் செய்த துரோகத்துக்கு அவரைக் குறை சொல்வது அநியாயம். அதே டிராஃப்டில் 205-வதாக எடுக்கப்பட்ட ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் சுவீடனிலேயே இருந்து, ஐந்து ஆண்டுகள் அவசரமில்லாமல் வளர்ந்து, அங்கே இரண்டு பட்டங்கள் வென்றபின் 2005-ல் அமெரிக்கா வந்தார். 459 வெற்றிகளோடு ஓய்வுபெற்று, 2023-ல் ஹாக்கி புகழவையில் இடம்பெற்றார். அவரை உருவாக்கியது அந்த ஐந்து ஆண்டுகள்.

கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் ஒன்றுமாகாமல் போகிறார்கள்; வென்ற தாமஸையும் ஹாஷெக்கையும் மட்டும் காட்டி வாதிடுவது தோற்றவர்களை மறைப்பதாகாதா என்பது இரண்டாவது மறுப்பு. வலுவான கேள்விதான். பின்வரிசையில் எடுக்கப்படும் கோல்கீப்பர்களின் எண்ணிக்கை அதிகம் என்பதால் அவர்களில் சிலராவது வெல்வது இயல்பு. ஆனால் அதே தர்க்கம் முன்கள ஆட்டக்காரர்களுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? அங்கும் பின்வரிசையில் எடுக்கப்படுபவர்களே அதிகம்; ஆனாலும் விருதுகள் முன்வரிசைக்கே போகின்றன. எண்ணிக்கை ஒன்றே காரணம் என்றால் இந்த வேறுபாடு இருக்கக் கூடாது. தாமதமாக எடுக்கப்பட்டவர் எல்லோரும் மேதைகள் என்பது என் வாதம் அல்ல. 18 வயதில் கொடுக்கப்படும் வரிசை எண் ஒரு கோல்கீப்பரைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. எனவே அவரைக் கைவிடுவதற்கு அதை ஆதாரமாக்கக் கூடாது என்பதுதான் வாதம்.

அளவுகோல் எதுவும் சரியில்லை என்று தெரியும்போது மனிதர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். இன்று அது உயரம். ஆறடி இரண்டு அங்குலத்துக்கு மேல் இருப்பவர் கோலை அதிகம் மறைப்பார் என்ற கணக்கில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் தாமஸ் ஆறடியைத் தொடாதவர். அதே ஐந்தடி பதினோரு அங்குலத்தில்தான் நாஷ்வில் அணியின் யூசே சாரோஸ் இன்று நிற்கிறார். அவரையும் 99-வதாகத்தான் எடுத்தார்கள்.

அப்படியானால் டிராஃப்டின் வயதையே 20-க்கு உயர்த்தலாமே என்று சிலர் சொல்கிறார்கள். 1970-களின் இறுதிவரை வயது 20-தான். ஆனால் 1977-ல் கென் லின்ஸ்மன் என்ற 19 வயது ஆட்டக்காரர், அன்று போட்டி லீகாக இருந்த உலக ஹாக்கி சங்கத்தின் 20 வயது விதியை அமெரிக்க நீதிமன்றத்தில் எதிர்த்து வென்றார். வயதுவந்த ஒருவர் உழைத்துச் சம்பாதிப்பதைத் தடுக்கலாகாது என்ற அந்த நியாயம் இன்றும் நிற்கிறது. அதை மீறச் சொல்ல மாட்டேன். தடை ஒன்றும் தேவையில்லை. தேவைப்படுவது காத்திருக்க இடம்.

கழகங்கள் தரப்பில் சொல்லப்படும் நடைமுறைச் சிக்கல் உண்மையானது. ஓர் அணி ஒரே நேரத்தில் 50 ஆட்டக்காரர்களுக்கு மேல் ஒப்பந்தம் வைத்திருக்க முடியாது. எப்போது கனியும் என்று தெரியாத ஒரு கோல்கீப்பருக்காக 25 வயதுவரை ஓர் இடத்தை ஒதுக்கினால், உடனே பயன்படும் ஒருவரை இழக்க நேரும். அதனால்தான் 21, 22 வயதிலேயே பலரைக் கைகழுவிவிடுகிறார்கள். அவர்களில் சிலர் தாமஸைப்போல் ஐரோப்பாவுக்குப் போகிறார்கள். பலர் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். பொறுமை காட்டுவது அவர்களுக்கு நல்லதுதானா, கிடைக்காத இடத்துக்காக இளமையைத் தொலைக்க வைப்பது ஆகாதா என்றும் கேட்கலாம். தாமஸுக்கு முதல் பெரிய ஒப்பந்தம் கிடைத்தபோது அவர் 35 வயதை எட்டும் தறுவாயில் இருந்தார். 2013-14-க்குப் பிறகு அவர் ஆடவில்லை. 2019-ல் அமெரிக்க ஹாக்கி புகழவையில் சேர்க்கப்பட்டபோது, தலையில் பட்ட அடியால் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பையும், சில ஆண்டுகள் யாரோடும் பேசவே முடியாமல் இருந்ததையும் அவரே சொன்னார். உச்சத்துக்குத் தாமதமாக வந்தவருக்கு அங்கே நிற்கவும் சம்பாதிக்கவும் கிடைக்கும் காலம் குறுகியது. இதைத்தான் நான் முறையின் குறை என்கிறேன். தாமஸ் 24 வயதில் பின்லாந்தில் பட்டம் வென்றவர். அன்றே ஒரு கழகம் அவரை வைத்துக்கொண்டு, நல்ல கோல் பயிற்றுநரின் கையில் கொடுத்து, கீழ்நிலை லீகில் சீசனுக்கு 50 ஆட்டங்கள் நிற்க வைத்திருந்தால், ஏழு ஆண்டுகள் வீணாகியிருக்காது.

இதற்கு வழி இருக்கிறது. ஜூனியர் லீகுக்குத் திருப்பி அனுப்பப்படும் 18, 19 வயது ஆட்டக்காரர்கள் அந்த 50 பேர் கணக்கில் இப்போதே சேர்வதில்லை. அதே சலுகையை, அணிக்கு இரண்டு கோல்கீப்பர்கள் வீதம், அவர்களுக்கு 25 வயது ஆகும்வரை நீட்டிக்க வேண்டும். கூடவே, அப்படி வைத்துக்கொள்ளப்படும் கோல்கீப்பரை ஒரு சீசனில் குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்டங்களில் எங்காவது இறக்கியே தீர வேண்டும், இல்லையென்றால் அவர் விலகி வேறு அணிக்குப் போகலாம் என்ற பாதுகாப்பும் வேண்டும். இல்லாவிட்டால் கழகங்கள் ஆட்களைப் பதுக்கிவைக்கவே இந்தச் சலுகை உதவும். இதனால் யாருடைய வேலையும் பறிபோகாது, எந்த நீதிமன்றத் தீர்ப்பும் மீறப்படாது. 32 கழக உரிமையாளர்களும் ஆட்டக்காரர் சங்கமும் தங்கள் அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இந்த ஒரு திருத்தத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.